ஒழுங்கை வழக்கின் செலவு

நகரசபையின் பிறக்கிராசி காசு வாங்காமலே எங்களுக்கெதிராக வழக்காடுகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். பிறக்கிராசி என்றால் ஊர்ப் பேச்சில் வழக்கறிஞர். "பெரிய மனுசன், ஊருக்காகச் செய்யிறார்" என்பார் அப்பா. எதிராளியைப் பற்றியும் மரியாதையாகவே பேசுவார்.

வழக்கு எங்கள் வேலியைப் பற்றியது. ஆண்டுதோறும் வேலி அடைக்கையில் கதியால்களை, அதாவது வேலிக்கு நடும் உயிர்த் தடிகளை, ஒழுங்கை என்னும் ஒடுக்கமான தெருப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி நடுவது எங்கள் பகுதியில் பலருக்கும் உள்ள பழக்கம். அப்பா அதைச் சற்று உற்சாகமாகச் செய்துவிட்டார். மாட்டுவண்டி திரும்ப இடமில்லாமற் போகவே, சபை வழக்குப் போட்டது. எண்பத்து நான்கில் அது இரண்டாம் ஆண்டைத் தொட்டபோது, எங்கள் பிறக்கிராசிக்குக் காசு கொடுக்க அம்மாவின் காப்புகள் ஒவ்வொன்றாய் அடைவுக்கடைக்கு அடகாகப் போய், ஒரு சோடிதான் மிஞ்சியிருந்தது. அடுத்த வழக்குத் தவணைக்கு அதுவும் போயாக வேண்டும்.

சோலைவரி என்னும் வீட்டு வரியைக் கட்ட அம்மாவுடன் நானும் சபைக்குப் போனேன். பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டே அம்மா வரி வாங்கிய கிளாக்கரிடம் கேட்டார்:

"தம்பி, உந்தக் காசெல்லாம் எங்கை போகுது?"

"றோட்டு, லைட்டு, வாசிகசாலை... வழக்குச் செலவும் இருக்குதக்கா."

"ஆரின்ரை வழக்கு?"

"உங்கடை வழக்குத்தான்."

அம்மா மடித்த பற்றுச்சீட்டை மறுபடி விரித்துப் பார்த்தார். "அதை எழுதி வாசிகசாலைப் பலகையிலை ஒட்டுங்கோ. சனத்தின்ரை காசு, சனம் பாக்கட்டும்."

"சேர்மன் விடமாட்டாரக்கா."

"கேட்டுப் பாருங்கோ. கேக்கிறதுக்கும் வரியோ?"

எங்களுக்கு வெட்கமாகட்டும் என்றெண்ணிச் சபைத் தலைவர் சம்மதித்தாராம். மறுவாரம், பேப்பர் வாசிக்க வந்தவர்கள் எல்லோரும் பலகையையே முதலில் வாசித்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பிறக்கிராசிக்குக் கொடுத்த தொகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு வீடு வந்தார்.

"அப்ப அவையின்ரை பிறக்கிராசிக்கும் நான்தானோ குடுக்கிறன்?"

"ஊர் முழுக்கக் குடுக்குது" என்றார் அம்மா. "உங்களுக்கு மட்டும் இரண்டு பிறக்கிராசி."

வேலிக்கு அப்பாலிருந்து அயலவர் குரல் கொடுத்தார்: "எங்கடை காசிலை வடிவா வழக்காடுறியள், அண்ணை!"

அப்பா சிரித்துவிட்டார். அந்தக் கிழமையே கதியால்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். ஊரார் தலைவரையும் விடவில்லை. ஒரு வண்டி திரும்புவதற்கு இவ்வளவு செலவோ என்று கேட்டார்கள். சபை வழக்கை மீளப் பெற்றது. அதன்பின் சபை இயங்கிய காலமெல்லாம் வழக்குச் செலவு பலகையில் ஏறியது.

அப்பா இப்போது இல்லை. கிளாக்கர் வெளிநாடு போய்விட்டார். கதியால்கள் தடித்த கிளுவை மரங்களாகி, பின்வாங்கிய இடத்திலேயே நிற்கின்றன. அந்த ஒரு சோடிக் காப்புடன் அம்மா இருக்கிறார், நானும் இருக்கிறேன்.