முப்பத்தெட்டுக் கஜம்

ராய்ஸ் டர்க்ஸன் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன். மொன்டானா மலையடிவாரத்தில் ஆல்டர்டன் என்கிற சின்ன ஊர். அங்கே ஓடிய பதினோரு மஞ்சள் பேருந்துகளும் அவன் கைபட்டுத்தான் ஓடின. ஐம்பத்திரண்டு வயதாகியும் விரல் இடுக்குகளில் கிரீஸ் கறை போகவில்லை. பட்டறையில் அவன் வாயிலிருந்து நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். ஆனால் சனிக்கிழமை வில் கிளப்புக்குள் நுழைந்துவிட்டால் அவனே வேறு ஆள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன்தான் வாத்தியார். இருபது கஜத்துக்கு மேல் நிற்கிற மிருகத்தின் மீது அம்பு விடக்கூடாது என்பான். கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கத் தெரியாதவன் மலை ஏறக்கூடாது என்பான். இந்த இரண்டையும் அவன் சொல்லாமல் கிளப்பில் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை.

அவன் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் கொஞ்சம் உறுத்தும்.

அந்த வருடம் ஆகஸ்டில் கிளப்பில் எல்லோரும் வேட்டைப் பையைக் கொட்டி, இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். லவோன் ஸ்டக்கியும் கொட்டினாள். ஊரில் தபால் வண்டி ஓட்டுகிறவள். அறுபத்திரண்டு வயது. கணவன் இறந்தபிறகு ஆறு வருடமாகத் தனியாகவே மலைக்குப் போய்வந்தாள். அவள் பையிலிருந்து மூன்று லைட்டர்கள் உருண்டன. ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறை ஒன்றில், தீ சட்டென்று பற்றுவதற்காகக் களிம்பு தடவிய பஞ்சு உருண்டைகள் நிறைய இருந்தன.

"என்ன லவோன், வேட்டைக்குப் போறீங்களா, மலை உச்சியில பெட்டிக்கடை போடப் போறீங்களா?" என்றான் ராய்ஸ்.

முப்பது பேர் சிரித்தார்கள். லவோன் லைட்டர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"எனக்குக் குளிருனா தீ வேணும் ராய்ஸ். வேடிக்க பாக்க ஆள் வேண்டாம்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ராய்ஸ் சிரிப்பை வாங்கிய அளவுக்கு இல்லை.

அவனுக்கும் ஒரு குறை இருந்தது. வில்வேட்டைக் காலமான செப்டம்பரில் நான்கு வருடமாக அவன் வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தான். வீட்டு உறைபெட்டியில் கடையில் வாங்கிய மாட்டிறைச்சிதான் கிடந்தது. மனைவி மார்லிஸ் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கிளப்பில் இருந்த கர்ட் என்கிற மரக்கடைக்காரன்தான் விடமாட்டான். "வாத்தியாரே, இந்த வருஷமாவது மான் வருமா, இல்ல மறுபடியும் பாடம்தான் வருமா?" என்று கேட்பான். ராய்ஸ் சிரித்துக்கொள்வான். இரவு படுக்கும்போது அந்தச் சிரிப்பு தாடையில் வலிக்கும்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினான். பிக்கப்பைச் சாலை முடிகிற இடத்தில் நிறுத்தினான். வண்டியில் எப்போதும் கிடக்கும் லைட்டரை வேண்டுமென்றே உள்ளேயே வைத்துப் பூட்டினான். அவனே இழைத்த நெடுவில், ஆறு அம்புகள், ஓட்ஸ், உப்புக்கண்டம், தீக்கடையும் சாமான்கள், மேலே கட்ட ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான் சுமை.

முதல் இரண்டு நாளும் மலை அவனுக்கு இணங்கிப்போனது. மாலையில் அடிப்பலகையைக் காலால் மிதித்து, கடைகோலைச் சின்ன வில்லின் கயிற்றில் சுற்றி, மேலே உள்ளங்கைக் கல்லை வைத்து அழுத்தி முன்னும் பின்னும் இழுப்பான். பலகையின் வெட்டில் கறுப்புத்தூள் சேரும், புகை கெட்டிப்படும், தூளுக்குள் சிவப்பாக ஒரு கங்கு கண் திறக்கும். அதை மரப்பட்டை நாரில் ஏந்தி மெதுவாக ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். இரண்டு நாளும் மூன்று நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. 'ஒருத்தரும் பாக்கலையே' என்று இரண்டு நாளும் நினைத்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல், எல்க் மான்கள் வந்து புரளும் சேற்றுக்குழிக்கு எதிரே, காற்றுக்கு மறைவாக உட்கார்ந்திருந்தான். தன் இடத்திலிருந்து குழிக்கரையில் நின்ற பட்டமரம் வரை நடந்து அளந்து வைத்திருந்தான். சரியாக இருபது கஜம். நான்கு மணி வாக்கில் ஒரு கிடா மான் வந்தது. குதிரை உயரம். கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளை. அது குழிக்கு வரவில்லை. பட்டமரத்துக்கும் அப்பால், அதே அளவு தூரம் தள்ளி, பக்கவாட்டில் நின்று மோப்பம் பிடித்தது.

தூரம் அதிகம் என்று ராய்ஸுக்குத் தெரியும். கிடா கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்ததையும் பார்த்தான். நான்கு வருடம் கழித்து வந்த ஒன்று போகப்போகிறது. கர்ட்டின் முகம் ஞாபகம் வந்தது. நாணை இழுத்து விட்டுவிட்டான்.

ஈரச் சாக்கில் குத்தியதுபோல ஒரு சத்தம். அம்பு விலா எலும்புகளுக்குப் பின்னால், வயிற்றில் இறங்கியிருந்தது. கிடா முதுகைக் கூனிக்கொண்டு மரங்களுக்குள் போய் மறைந்தது. பிறகு நடந்து அளந்தான். முப்பத்தெட்டு.

வயிற்றில் பட்டால் என்ன செய்யவேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். எட்டு மணி நேரம் அசையாதே. அப்படியே விட்டால் அது பக்கத்திலேயே படுக்கும், படுத்த இடத்திலேயே அடங்கும். பின்னால் போனால் எழுந்து ஓடும், கைக்குக் கிடைக்காது. ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் ரத்தத் தடம் அழிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டான். ஒரு சரிவில் படுத்திருந்த கிடா அவன் காலடி கேட்டு எழுந்தது. தடுமாறியபடி கீழே ஓடியது. கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. மழையோடு பனிக்கட்டித் துகளும் விழுந்தது. இலைகளில் இருந்த கருஞ்சிவப்புச் சொட்டுகள் அவன் கண்ணெதிரே கரைந்து போயின.

ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேடினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கியதும், ஒரு பெரிய ஊசியிலை மரத்தடிக்குப் போய்ப் பையைத் திறந்தான். அவசரத்தில் பை வாயைக் கட்டாமல் ஓடியிருக்கிறான். அடிப்பலகை ஊறியிருந்தது, நார் சொதசொதவென்று இருந்தது. ஆனாலும் கடைந்தான். கயிறு வழுக்கியது. கை நடுக்கத்தில் கோல் தெறித்துத் தெறித்து விழுந்தது. ஒருமுறை புகை வந்தது. ஒருமுறை தூள்கூடக் கறுத்தது. ஊதப் போனான், அவன் தலைமயிரிலிருந்து சொட்டிய தண்ணீரே அதை அணைத்தது. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்தபோது அவன் அழுதான். வலிக்காக அழவில்லை.

கீழே ஓடையோரம், மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தான். பச்சை நிற டென்ட், கூரையில் அடுப்புக் குழாய். வாசல் துணியை விலக்கிக்கொண்டு லவோன் எட்டிப் பார்த்தாள்.

"அட கடவுளே, ராய்ஸா? உள்ள வா. மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டு."

தன் ஆட்டுரோமச் சாக்ஸை எடுத்துக்கொடுத்தாள். கம்பளியைப் போர்த்தினாள். மாவும் கொழுப்பும் கரைத்த சூப்பைக் கோப்பையில் ஊற்றி, அவன் விரல்கள் பிடிக்காது என்று தானே அவன் வாயருகே பிடித்தாள். அவள் கண் அவன் உள்ளங்கையில் ஒரு தடவை நின்றது. லைட்டர்கள் பெட்டிமேல் வரிசையாக இருந்தன. அவற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"அம்பு விட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. ஒண்ணுமே கண்ணுல படல. மழையில மாட்டிக்கிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் போயிற்று.

விடிந்ததும் லவோன் வாளியோடு தண்ணீருக்குப் போனாள். ஓடையின் கீழ்ப்பக்கம் அண்டங்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். வாளியில் தண்ணீர் இல்லை. பாதியில் முறிந்த ஒரு அம்பைப் பெட்டிமேல் வைத்தாள். அதன் வாலில் பட்டைக்கோடு போட்ட வான்கோழி இறகு மூன்று, அதில் ஒன்றுக்குப் பீட்ரூட் சாற்றில் சாயம் ஏற்றியிருந்தது.

"பெரிய கிடா. ராத்திரி பூரா உசுரோட இருந்திருக்கு போல, சுத்தி மண்ணெல்லாம் உதச்சு வெச்சிருக்கு. கறி மொத்தமும் கெட்டுப்போச்சு. பாதிய ஓநாயும் நரியும் தின்னுருக்கு." அவள் குரல் உயரவில்லை. "இது யாரோடதுன்னு உனக்குத் தெரியுதா?"

ராய்ஸ் அம்பைப் பார்த்தான். அந்த இறகுகளை அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒட்டியது மார்ச் மாதத்தில்.

"வான்கோழி இறகு நெறைய பேர் வெக்கிறாங்க" என்றான்.

லவோன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். "சரி" என்றாள். "பாதை வழுக்கும். பாத்துப் போ."

ஊருக்கு வந்து நான்காம் நாள் கர்ட்டும் அவன் தம்பியும் மலையிலிருந்து சேதி கொண்டுவந்தார்கள். லவோன் டென்ட் போட்ட இடத்துக்குக் கீழே, இருநூறு கஜத்தில், ஆறு கிளைக் கொம்புக் கிடா அழுகிக் கிடக்கிறது, வயிற்றில் அம்புக்காயம், அம்பைக் காணோம். மளிகைக்கடையில் கர்ட் அவளிடமே கேட்டான். "நான் விடல" என்று சொல்லிவிட்டு அவள் முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யார் விட்டது என்று சொல்லவில்லை. ஊர் தானாகவே கூட்டிக் கழித்துக்கொண்டது. அந்த அம்மாவுக்குக் கண் போய்விட்டது, அம்பையும் பிடுங்கி ஒளித்துவிட்டாள், வயசானால் விட்டுவிட வேண்டியதுதானே என்று பேசிக்கொண்டார்கள். பட்டறைக்கு டீசல் கொண்டுவந்த ஆள்கூட இதைச் சொன்னான். ராய்ஸ் பேருந்துக்கு அடியில் படுத்திருந்தான். "அப்படியா" என்றான்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் குடும்பத்தோடு சாப்பாடு. வருடாவருடம் அன்றைக்கு ராய்ஸ் எல்லோர் முன்னாலும் தீக்கடைந்து காட்டுவது வழக்கம். லவோன் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து ஆப்பிள் பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன.

ராய்ஸ் பலகையை மிதித்துக்கொண்டு கடைய ஆரம்பித்தான்.

"நல்லாப் பாத்துக்கோங்க லவோன்!" என்று கர்ட் கத்தினான். "இனிமே உங்களுக்கு இதுதான் சரி. அம்பு மாதிரி இது மான் வயித்துல குத்தாது."

கூட்டம் சிரித்தது. ராய்ஸ் தலையைத் தூக்கவில்லை. இப்போது நிறுத்தவேண்டும், இந்தக் கணத்தில் நிறுத்தவேண்டும் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கை நிற்கவில்லை. உலர்ந்த மண்டபம், உலர்ந்த நார். ஒன்றரை நிமிடத்தில் தீ எழுந்தது. அவன் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். லவோன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஞாயிறு காலை அவன் மார்லிஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"மான் போனதுகூட விடு. யாருக்கு வேணா நடக்கும்" என்றாள் கடைசியில். "கை தட்டுனப்ப நானும் தட்டுனேன் ராய்ஸ். என்னையும் தட்ட வெச்சுட்ட."

பிறகு ஒரு ஜோடி ஆட்டுரோமச் சாக்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "தொவச்சு வெச்சிருக்கேன். கொண்டு போய்க் குடு. இதச் சாக்கா வெச்சு வேற எதயும் பேசிட்டு வந்துராத."

அவன் போனபோது லவோன் வாசலிலேயே நின்று அவன் சொன்னதைக் கேட்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அது என்னோட அம்பு" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அது உன் வேல." சாக்ஸை வாங்கிக்கொண்டாள். "நீ ஒத்துக்குவேன்னு காத்துட்டு இருந்தேன்னு நெனச்சுக்காத. அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. ஆனா கடையில என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்துறாங்க பாரு, அது கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்காரர் போனப்பகூட அப்படி இல்ல."

"என்ன மன்னிச்சுருங்க லவோன்."

"இன்னிக்கு முடியாது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் எழுந்து நின்று ராய்ஸ் சொன்னான். எத்தனை கஜம், எத்தனை நிமிடம் காத்திருந்தான், லவோனிடம் என்ன பொய் சொன்னான், அவள் தீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பான், எல்லாம். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. அதை முன்பே தாளில் எழுதி வைத்திருந்தான், குறைத்துவிடுவோம் என்று பயந்து. அந்த வருடத்து வேட்டை அனுமதிச்சீட்டில் தேதியைக் கத்தியால் வெட்டி மேசைமேல் வைத்தான். மான் கிடைத்தவன்தான் அப்படி வெட்டுவான், வெட்டியபின் அந்த வருடம் இன்னொன்று அடிக்க முடியாது.

கர்ட், "முப்பத்தெட்டா?" என்று மெதுவாகக் கேட்டான். ராய்ஸ் தலையாட்டினான். பிறகு யாரோ நாற்காலிகளை மடிக்கத் தொடங்கினார்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேறொருவரைப் போட்டார்கள். கர்ட் லவோன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டானாம். அவனை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாளாம். அதைக் கேட்டபோது ராய்ஸுக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

அவன் கிளப்பை விடவில்லை. வருவான், பின்வரிசையில் உட்காருவான், கூட்டம் முடிந்ததும் தரையைக் கூட்டுவான். சிலர் பழையபடி பேசினார்கள். சிலர் பேசவில்லை.

ஜனவரியில் ஒருநாள் லவோனின் தபால் வண்டி பட்டறை வாசலில் நின்றுபோனது. ஊரில் வேறு பட்டறை இல்லாமல் இல்லை, ஆனால் வண்டி நின்ற இடம் இதுதான். ராய்ஸ் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"பேட்டரி சார்ஜ் ஏறல. ரெண்டு மணி நேரம் ஆகும். உள்ள ஹீட்டர் இருக்கு, உக்காருங்க."

"பரவால்ல" என்றாள் லவோன். வண்டிக்குள்ளேயே கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, தபால்களைத் தெருவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. ராய்ஸ் பட்டறையின் பெரிய கதவைத் திறந்து, வண்டியை அவளோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.