வசந்தாமணியின் இரண்டு புத்தகங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து 1991-இல் சான்டா கிளாராவுக்கு வந்த வசந்தாமணிக்கு, கிரீன் கார்டு கிடைத்து வேலைக்குப் போக மூன்று வருடம் ஆயிற்று. ஒரு மருத்துவமனையில், டாக்டர்கள் டேப்பில் பேசிவைப்பதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. நோயாளி வலி இல்லை என்று சொன்னால், 'வலியை மறுக்கிறார்' என்றுதான் டாக்டர்கள் பதிவு செய்வார்கள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் மாதிரி. அந்தச் சொல் அவளை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து, வலியை மறுக்கிற மனிதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதத் தொடங்கினாள்.

பத்திரிகைகளுக்கு அனுப்பியவையெல்லாம் இரண்டு வருடம் திரும்பித் திரும்பி வந்தன. ஓர் ஆசிரியர் மட்டும் கடிதம் எழுதினார். நடை நன்றாக இருக்கிறதாம். ஆனால் மாம்பழம், மழைக்காலம், அம்மாவின் புடவை என்று அவள் நாட்டைப் பற்றி எழுதக்கூடாதா?

"கேக்கறாங்கல்ல, ரெண்டு எழுதிக் குடுத்துரு மணி. மொதல்ல பப்ளிஷ் ஆகட்டும்" என்றான் கணவன் நஞ்சுண்டன்.

"எங்கம்மாகிட்ட பொடவையப் பத்திக் கேட்டா, டெய்லர் பிளவுஸைக் கெடுத்த கதையத்தானுங்க சொல்லும்!"

ஆனாலும் ஒரு மாம்பழக் கவிதை எழுதிப் பார்த்தாள். நன்றாகவே வந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கிழித்துப் போட்டாள்.

1997-இல், டெக்சஸில் யாரோ ஒரு தம்பதி நடத்திய சின்னப் பதிப்பகம் அவள் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டது. சான்டா கிளாரா நூலகத்தில் வாசிக்க அழைத்தார்கள். வந்தது ஒன்பது பேர். அதில் மூவர் நஞ்சுண்டனின் ஆபீஸ்காரர்கள்.

வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் அருகில் வந்தாள். பெயர் ஞானமணி.

"நானும் டொக்டரிட்ட நோ பெயின் எண்டுதான் சொல்லுறனான். உமக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"இப்ப எங்க வலிக்குதுங்க ஆன்ட்டி?"

"முழங்கால்தான்" என்றாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசியதில் முழங்கால் வரவேயில்லை. காணாமல் போன தம்பியைப் பற்றித்தான் பேசினாள்.

வசந்தாமணி அதைக் கவிதையாக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டாள். அச்சுக்குக் கொடுக்குமுன் ஞானமணி வீட்டுக்கு டிரைவ் பண்ணிப் போய், வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"தம்பி பேர மாத்திடறனுங்க ஆன்ட்டி. யாருக்கும் தெரியாது."

ஞானமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏன் மாத்தோணும்? பேரைப் போடும் பிள்ளை. எங்கயாவது அவன்ரை பேர் இருக்கட்டும்."

2001-இல் வந்த இரண்டாவது புத்தகத்தின் முதல் கவிதைக்குத் தலைப்பு, 'ஆனந்தராஜா'.