அய்தெனின் இடது கை

துருக்கியில், புர்சா நகரத்தில், அந்தத் தெருவில் நெரிமானைப் போல வாய்த்துடுக்கு யாருக்கும் கிடையாது. அவள் கைவேலைக்காகத்தான் எல்லோரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். குரோஷா ஊசியை எடுத்தால் முடிச்சுகள் அச்சில் வார்த்த மாதிரி இறுக்கமாக விழும். அடுத்தவர் பின்னியதை அவள் நன்றாயிருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அய்தெனோடு மட்டும் இருபது வருடச் சிநேகிதம், இருபது வருடப் போட்டி. அய்தெனின் கை கொஞ்சம் தளர்வு. அவள் பின்னியது பூப்போல மெத்தென்று இருக்கும்.

அய்தெனின் தங்கை மெலேக்குக்கு மூன்று கரு கலைந்து நான்காவது நின்றது. கேள்விப்பட்ட அன்றே அய்தென் பிள்ளைக்குப் போர்வை பின்ன ஆரம்பித்துவிட்டாள். ஓட்டை விட்டால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும் என்று, பட்டாணி பட்டாணியாகப் புடைத்து நிற்கிற நெருக்கமான பின்னல். பாதியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிள்ளையும் பிறந்துவிட்டது. நாற்பதாம் நாள் குளிப்பாட்டி முதன்முதலாக வெளியே எடுத்துப்போவது பெரியம்மா அய்தென் வீட்டுக்குத்தான். அதற்குள் போர்வை முடிய வேண்டும்.

நான் முடித்துத் தருகிறேன் என்று நெரிமான் போய் உட்கார்ந்தாள். ஒரு சாண் ஆனதும் விரித்துப் பார்த்தார்கள். நெரிமான் பின்னிய பாகம் இடுப்பில் கயிறு கட்டியது போல உள்வாங்கியிருந்தது.

"பிரிச்சிடு," என்றாள் அய்தென். நாக்கு குழறினாலும் சொன்னது தெளிவாகவே இருந்தது. "இது உன் போர்வையா ஆயிடுச்சு. என் கையால பின்னிக் கொடுக்கணும்னுதான் இருந்தேன். முடியலைன்னா கொடுக்கவே வேணாம்."

நெரிமான் பிரித்தாள். பெரிய ஊசி மாற்றிப் பார்த்தாள், அதுவும் சுருங்கியது. மூன்றாம் தடவை பிரிக்கும்போது அய்தென் பொறுமையிழந்து நூலை இடது கையில் பிடுங்கிக்கொண்டாள். நூல் பழக்கப்படி அவள் விரல்களில் தானாகச் சுற்றிக்கொண்டது. நெரிமானுக்குச் சுரீரென்று உறைத்தது. வலது கை ஊசியை ஓட்டுகிறது, அவ்வளவுதான். நூலை அளந்து விடுவது இடது கை. இறுக்கமும் தளர்வும் அதிலேதான் இருக்கிறது.

"அப்படியே பிடிடி. நீ நூலை விடு, நான் ஊசியை ஓட்டறேன்."

அன்றிலிருந்து பதினெட்டு நாள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். கிணற்றுக் கயிறா இழுக்கிறாய் என்பாள் அய்தென். தூங்கிக்கொண்டே நூல் விடாதே என்பாள் இவள். டீ ஆறிப்போகும். ஆனால் அய்தென் விட்ட நூலுக்கு மேல் ஒரு இழை நெரிமான் இழுக்கவில்லை. தன் இறுக்கத்தைத்தான் அவள் ஆயுசு பூராவும் பெருமையாக நினைத்திருந்தாள். அவள் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை இதுதான் என்பேன்.

நாற்பதாம் நாள் மெலேக் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை நோய்நொடியில்லாமல் வளரட்டும் என்று அய்தென் ஊர் வழக்கப்படி அதன் துணிக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போர்வையை நீட்டினாள். மெலேக் வரிவரியாகத் தடவிப் பார்த்தாள். கை மாறிய இடம் தட்டுப்படவில்லை. அக்காவின் கை விழுந்தபின் நெரிமான்தான் முடித்திருக்கிறாள் என்று நினைத்து, பெரியவர்களுக்கு மரியாதை செய்கிற மாதிரி அவள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். அய்தென் முகம் வாடியது.

நெரிமான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "தப்பான கையைப் பிடிச்சிருக்கே. பின்னினது உங்க அக்காவோட இடது கை. நான் சும்மா ஊசியை ஆட்டினேன்."

மெலேக் அக்காவின் இடது கையை எடுத்து முத்தமிட்டாள். நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அய்தென் அழுதாள். நெரிமானும் அழுதாள். கேட்டால் இல்லையென்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.