தாய்மாமன் முகம் எத்தனை அடி?

ஹாம்பர்க்கில் ஒரு வீட்டில் கல்யாணம் நடந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. தெரு முக்கில் ஒரு பிளக்ஸ் கிடையாது, கைகூப்பி நிற்கும் மாமா கிடையாது, கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசை கிடையாது. வந்த புதிதில் வேலைக்கு நடந்துபோகும்போது இந்த ஊரில் நல்லது பொல்லாததே நடக்காதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. நான் பிளக்ஸ் கடையிலிருந்து வந்தவன்.

இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைச் செய்வதுதான் என் தொழில். பிரண்ட் எண்ட் டெவலப்பர் என்பார்கள். இதை எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று இங்கே கேட்கிறார்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு என்னவோ. தொழிலைக் கற்றது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், படிக்கிற காலத்தில் மாலை நேரம் வேலை பார்த்த பிளக்ஸ் கடையில். சொல்லிக்கொடுத்தவர்கள், சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்கள். பிளக்ஸில் மேலே சங்கரநாராயணரும் கோமதி அம்மனும், அதற்குக் கீழே தீபத்தோடு காலமான பெரியவர்கள், நடுவில் பிள்ளை, சுற்றிலும் சொந்தக்காரர்கள். யார் முகம் எங்கே, எந்த அளவில் என்பதில் ஒரு விரல்கடை பிசகினாலும் குடும்பமே இரண்டாகிவிடும்.

ஒருமுறை பிசகியும் விட்டது. காதுகுத்து வீட்டு பிளக்ஸ் ஒன்றில் பெரியப்பா முகம் பெரிதாகவும், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் தாய்மாமன் முகம் சிறியதாகவும் விழுந்துவிட்டன. மனுசன் மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. நல்ல நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டமாக ஓடி, முகங்களை மாற்றி, மறுபடி அடித்து, மை காய்வதற்குள் கொண்டுபோய்க் கட்டினோம். மாமா அண்ணாந்து பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "இப்பம்தாம்லே சரி" என்றுவிட்டு உள்ளே போனார். பெரிய திரைப் பக்கம் போன் அளவுக்குச் சுருங்கும்போது யாரை நகர்த்தலாம், யாரைத் தொடவே கூடாது என்று இன்றைக்கு எனக்குப் பட்டென்று தெரிகிறதென்றால் அது அந்த மாமா போட்ட பிச்சை.

இங்கே நான் வேலை பார்ப்பது சின்னக் கம்பெனி. போன வருடம் எங்கள் சொந்தத் தளத்தைப் புதுப்பித்தபோது, 'எங்கள் குழு' பக்கத்தை மேலாளர் யோனாஸ் என்னிடம் விட்டார். ஒவ்வொருவர் முகம், கீழே அவருடைய பின்னணி, திறன், விருப்பம். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கணக்கு வழக்கைப் பார்க்கும் ரெனாட்டாதான் எங்களில் மூத்தவர். அவரை முதலில், மற்றவர்களைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டேன். வயதில் இளையவன் என்பதால் நான் கடைசி. ஊரில் யாரும் இதை யோசிக்கக்கூட மாட்டார்கள்.

பக்கத்தை எல்லாரும் பார்த்த அன்று மதியம் ரெனாட்டா சாப்பிட வரவில்லை. மறுநாள் என் மேசைக்கு வந்து, யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நீங்கள்தானே எல்லாரிலும் மூத்தவர் என்றேன், மரியாதை செய்த பெருமையில். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படியானால் என்னை அனுப்புவதென்று முடிவாகிவிட்டதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கு வேலையை வெளியே கொடுக்கப்போவதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஒருவர் படத்தைத் தனியாகப் பெரிதாகப் போடுவது அவரை வழியனுப்பும்போதுதானாம். ரெனாட்டா இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

என் ஜெர்மன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. போனை எடுத்து, நான் செய்த பழைய காதுகுத்து பிளக்ஸைக் காட்டினேன். இந்தப் பெரிய மீசை யார் என்று கேட்டார். "தாய்மாமன். இவர் வராமல் விழாவே தொடங்காது. நீங்கள் வராத நாளில் இங்கே எது தொடங்குகிறது? அதனால்தான் முதலில்" என்றேன்.

அவர் அந்த மீசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராக யோனாஸிடம் போய்க் கேட்டேவிட்டார். வேலையை வெளியே கொடுப்பதெல்லாம் வெறும் பேச்சு, அப்படி எந்த எண்ணமும் இல்லை என்று யோனாஸ் எல்லார் முன்னாலும் சொன்னார். அகர வரிசையில் மாற்றிவிடலாமா என்றும் கேட்டார். ரெனாட்டா சம்மதிக்கவில்லை. அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், இடம் முதலாவதாகவே இருக்கட்டும் என்றுவிட்டார். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கடைசி முகமான எனக்குக் கீழே இப்படி எழுதிக்கொண்டேன்: பின்னணி, சங்கரன்கோவில் பிளக்ஸ் கடை. திறன், எந்தத் திரையிலும் எந்த முகமும் நசுங்காமல் உட்கார வைப்பது. விருப்பம், காதுகுத்துச் சாப்பாடு. கல்லூரிப் பெயரைப் போடலாமே என்றார் யோனாஸ். நான் போடவில்லை.

அந்தச் சாப்பாடு இந்த வருடம் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அக்கா கோமதியின் மகளுக்குக் காதுகுத்து, நான்தான் ஒரே தாய்மாமன். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், அது கைக்கு வராமல் கிளம்ப முடியாது. அக்கா போனில் அழுதாள். பிறகு அவளே, "சித்தி மவன் முருகன் மடியில உக்கார வச்சுக்கிடுதேன். பிளக்ஸாவது நீ போடுலே. உன் மூஞ்சியப் பெருசாப் போடு" என்றாள். மதிய இடைவேளையில் உட்கார்ந்து செய்தேன். பின்னால் வந்து எட்டிப்பார்த்த ரெனாட்டா, மாமாவின் முகம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். பெரிதாக்கினேன். மீசை எனக்கு அவ்வளவாகக் கிடையாது, அது ஒரு குறைதான்.

காதுகுத்து அன்று இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. வீடியோ காலில் மண்டப வாசலைக் காட்டினாள் அக்கா. பன்னிரண்டு அடிக்கு நான் வெயிலில் கைகூப்பி நிற்கிறேன். "எல்லாரும் உன் பிளக்ஸுக்கு முன்னால நின்னுதாம்லே போட்டோ எடுக்காவ" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிள்ளை பிளக்ஸைக் காட்டி "மாமா" என்றது. அப்படியே பிள்ளையைத் தூக்கிப்போய் முருகன் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியதும் வீரிட்டது. இங்கே கட்டிலில், எனக்கே தெரியாமல், நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடி காலியாக இருந்தது.