ஜினெட்டின் துவக்கும் என் நல்லெண்ணெயும்

இன்று காலை தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகிக் கிடந்தது. மொன்ட்ரியாலில் எந்தத் தமிழ் வீட்டுக்கும் இது புதினமல்ல. புரட்டாதி பிறந்தால் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிடும். பிறகு வைகாசி வரைக்கும் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் இருத்தித்தான் தலைக்கு வைக்க வேண்டும். மகள் போத்தலைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஷெலே" என்றாள். உறைந்துபோச்சு என்பதற்கு அவள் வாயில் பிரெஞ்சுதான் முதலில் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த எண்ணெய் ஒருமுறை ஒரு துவக்கின் மானத்தை வாங்கியது. என்னுடையதையும் சேர்த்துத்தான்.

துவக்கு என்றதும் பதறாதீர்கள். இது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கி. வன்னிப் பக்கத்தில் இடியன் என்பார்கள். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, நீளக் கம்பால் அடிவரைக்கும் தள்ள வேண்டும். ஒரு வெடிக்கு இத்தனை சீராட்டு. இதை வைத்துக்கொண்டு யாராவது சண்டைக்குப் போனால் எதிரி தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் அடிக்கலாம்.

நான் வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து மெஷினில் ஜினெட் இருந்தாள். மொன்ட்ரியாலை ஒட்டின இல்-பிசார் தீவில் வீடு, கணவனை இழந்தவள், சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். என்னை "மா பெல்" என்பாள், என் அழகியே என்று அர்த்தம். நான் சில நாள் பெருமைப்பட்டுத் திரிந்தேன். பிறகு பார்த்தால் பெட்டி இறக்க வருகிற மீசைக்கார லொறிச் சாரதியையும் அவள் அப்படியேதான் கூப்பிட்டாள். அவள் பேசியது முழுக்கப் பிரெஞ்சு. ஆனால் என்ன மாயமோ, என் ஞாபகத்தில் அவள் எங்கள் தமிழில்தான் கதைக்கிறாள்.

அவளுடைய கணவர் மார்செல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தங்கள் துவக்குச் சங்கத்துப் போட்டியில் அந்தத் துவக்கால் சுடுவாராம். மனுசன் திடீரென்று போய்விட்டார். எவ்வளவு மருந்து, என்ன துணி, எந்த எண்ணெய் என்ற கைப்பக்குவம் முழுவதும் அவரோடேயே போய்விட்டது. ஜினெட் எடுத்துச் சுட்டால் குண்டு திசைக்கு ஒன்றாகப் போனது. துவக்கு மார்செலின் தகப்பன் வழி வந்த பொருள். அதனால் மார்செலின் தமையன் ரெஜான் உரிமையோடு வந்து நின்றார். "குழல் தேய்ஞ்சு போச்சு. என்ர வீட்டுச் சுவரில கொழுவினா அதுக்கு மரியாதை" என்றாராம். கடைசியில் ஒரு தவணை கொடுத்தார். வருகிற போட்டியில் அவள் சுடும் குண்டுகள் ஒரு தேநீர்த் தட்டின் அளவுக்குள் விழுந்தால் துவக்கு அவளிடம். இல்லாவிட்டால் சுவருக்கு.

மதியச் சாப்பாட்டு நேரம் இதைச் சொல்லிவிட்டு ஜினெட் வழமைபோல் சிரிக்கவில்லை. "சுவரில தொங்கினா மார்செல் இன்னொருக்கா செத்த மாதிரி" என்றாள். சூட்டுத் திடலுக்கு நானும் வாறன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அவளோடு போகப் போகிறேன் என்றதும் என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் இப்ப துவக்குக்கு எண்ணெய் பூசப் போறீரோ?"

"ஓம். பூசிப்போட்டு வாறன்" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குப் பயம்தான். வெடிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குப் பாய்ந்து வளர்ந்த உடம்பு அல்லவா.

இல்-பிசாரில் இருந்து லவாலுக்குக் கோடையில் ஒரு சின்ன மிதவை ஓடும். காரோடு அதில் ஏறி ஆற்றைக் கடந்து, இன்னும் வடக்கே போனால் சங்கத்தின் சூட்டுத் திடல். முதல் வெடிக்கு நான் காரின் பின்னால் குந்திவிட்டேன். ஆனால் அது எனக்குத் தெரிந்த சத்தமே இல்லை. தொண்டை கட்டிய கிழவர் செருமுவதுபோல் ஒரு பொம். பிறகு வெள்ளைப் புகை, சோம்பலாகக் கலைந்தது. மெல்ல எழுந்து வந்தேன். எழும்பினது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் புல்லில் துணி கிடந்தது.

குண்டைப் பொதிந்த துணி வெடித்ததும் சற்று முன்னால் பறந்து விழும். துணி என்றால் என் கை சும்மா இராது. எடுத்துப் பார்த்தேன். ஓரம் கருகி, நடுவில் கிழிசல். ஜினெட் ஏதோ பழைய மேசைவிரிப்பை வெட்டி வைத்திருந்தாள். "இது தொளதொளத்த நெசவு. குண்டைப் பிடிக்காது" என்றேன். அடுத்த கிழமை தொழிற்சாலைக் கழிவில் இருந்து இறுகின பருத்தியாகப் பார்த்துப் பொறுக்கி, கஞ்சி போகத் துவைத்துக் கொண்டுபோனேன். துணி கிழியாமல் வந்தது. குண்டுகளும் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் விழத் தொடங்கின.

அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை. மார்செல் சொன்னதில் ஒன்று மட்டும் ஜினெட்டுக்கு ஞாபகம் இருந்தது. "ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும்." மருந்தை மாற்றினால் துணியைத் தொடக்கூடாது, துணியை மாற்றினால் மருந்தைத் தொடக்கூடாது. கறியில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு எது பிழைத்தது என்று முழிக்கிற கதைதான். கம்பை ஒவ்வொரு தரமும் ஒரே பலத்தில் அழுத்த வேண்டும். குண்டு அடியில் சரியாக இருந்தது என்று தெரிய, கம்பில் என் தையல் சோக்கால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தோம். முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரைச் சுடச்சுட ஊற்றிக் கழுவினால் கூழ்முட்டை நாற்றம் குப்பென்று எழும். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குப் போனால் என் கணவர் யன்னலைத் திறந்துவிட்டுத்தான் என்னோடு கதைப்பார்.

எண்ணெய்க்கு வருகிறேன். மெஷின் எண்ணெய் இந்த மருந்தோடு சேர்ந்தால் தார்போல ஒட்டும், சமையல் எண்ணெய் வகைதான் நல்லது என்று திடலில் யாரோ சொன்னதாக ஜினெட் சொன்னாள். கேட்க வேண்டுமா? தலைக்கு, காலுக்கு, பூட்டுக்கு, கதவு கிரீச்சிட்டால் கதவுக்கு. தேங்காயெண்ணெய் எதற்குத்தான் ஆகாது நமக்கு? துணித்துண்டுகளை அதில் தோய்த்து ஒரு தகர டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். ஆடி மாத வெயிலில் குண்டுகள் தேநீர்த் தட்டுக்குள் குடும்பமாகக் குடியிருந்தன. நான் திடலில் இருந்த எல்லோருக்கும் "தேங்காய், தேங்காய்" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

போட்டிக்கு முந்தின கிழமை ரெஜான் பார்க்க வந்தார். குளிர் காலை. டப்பாவைத் திறந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. என் விரல்தான் விறைத்துவிட்டதாக்கும் என்று உரித்து உரித்துக் கொடுத்தேன். ஜினெட் சுட்டாள். ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில், ஒன்று இலக்குத் தாளிலேயே இல்லை. ரெஜான் கத்தவுமில்லை, நக்கலடிக்கவுமில்லை. "பாவம், நல்லாத்தான் பாடுபட்டனீங்கள்" என்றார். அந்த இரக்கம்தான் என்னை அறுத்தது. திரும்பும்போது மிதவையில் ஜினெட் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னை ஒருதரமும் மா பெல் என்று கூப்பிடவில்லை.

மறுநாள் முழுகுவதற்கு எண்ணெய் எடுக்கப் போனேன். யன்னல் கட்டில் போத்தல் வெள்ளையாக நின்றது. கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உடனே என் கோட்டுக்கு ஓடினேன். கோட்டுப் பையில் முதல்நாள் பொறுக்கிய துணிகள் கிடந்தன. எடுத்து விரித்தேன். ஒன்றில் அரைவாசிக்கு எண்ணெய் கட்டியாக அப்பியிருந்தது, இன்னொன்று வறண்டு கருகிக் கிழிந்திருந்தது. குளிருக்குள் கட்டின எண்ணெய் உரித்தபோது ஒரு துண்டோடு போக, மற்றது வெறுந்துணியாய் நின்றிருக்கிறது. குழலில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் போத்தலில்.

முழுக்கை விட்டுவிட்டு ஜினெட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். "என்ன கோதாரி, நான்தான் கெடுத்தனான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு பிரெஞ்சில் விளங்கப்படுத்த, மறுபக்கத்தில் அந்தச் சிரிப்புத் திரும்பி வந்தது. "அப்ப குளிருக்கு உறையாத எண்ணெய் உங்களிட்ட இல்லையோ?" என்று கேட்டாள்.

இல்லையா? தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் இருந்தது. குளிர்பெட்டிக்குள் ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். காலையில் ஒழுகியது.

போட்டியன்று மூக்கு சிவக்கும் குளிர். ஜினெட் சுட்டு முடித்ததும் ரெஜான் தானே நடந்துபோய்த் தாளைக் கழற்றினார். வீட்டில் இருந்து ஒரு தட்டே கொண்டுவந்திருந்தார் மனுசன். வைத்தார். குண்டு விழுந்த ஓட்டை ஒன்றும் வெளியே தெரியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "புகை" என்றார். புகை எப்போதோ போய்விட்டது. வெற்றிக் கிண்ணம் வேறு யாருக்கோ போனது, அதைப்பற்றி எங்களுக்கென்ன? நான் ஒரு வெடிகூடச் சுட்டதில்லை, இன்றுவரைக்கும் இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து நான் பட்ட பெருமை, என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோது பட்டதற்குக் கொஞ்சமும் குறையாது. என் கணவர்கூட அன்று யன்னலைத் திறக்கவில்லை.

இப்போது தொழிற்சாலைக் கட்டடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகங்கள். சூட்டுத் திடலில் வரிசை வீடுகள். ஜினெட்டும் போய்விட்டாள். அந்தச் சிரிப்பை இனி எங்கே தேட.

போன புரட்டாதியில் நம்மவர் கடையில் சாமான் வாங்கும்போது கடைக்காரத் தம்பி கேட்டான். "அக்கா, ஒரு வயசான வெள்ளைக்காரர் வருசாவருசம் குளிர் தொடங்க வந்து ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்குறார். தோசை சுடுறனீங்களோ எண்டு கேட்டன். இல்லையாம், துவக்குக்காம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரெஜானாகவோ திடலில் இருந்த வேறொருவராகவோதான் இருக்க வேண்டும். "நல்லெண்ணெய் எண்டு சொல்லியே கேக்கிறவர்?" என்றேன், என் பெயரை எதிர்பார்த்து.

"இல்லையக்கா. ஜினெட்டின்ர எண்ணெய் தாங்கோ எண்டுதான் கேப்பார்."

அது என்னுடைய எண்ணெய் என்று சொல்ல வாய் துடித்தது. பெயரை அவளுக்கே விட்டுவிட்டு, எனக்கும் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு வந்தேன்.