சீல் வைத்த பெட்டி

இலங்கைக்கு நம் படை போயிருந்த சமயம். அரூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒட்ட முடி வெட்டிய இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர்க்காரனாம்; விமானப்படையில் விமானம் ஓட்டக் கற்கிறானாம். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருந்ததால் நான் நம்பவில்லை. பேசும்போதும் அவன் கண் டிரைவரின் கால்களிலேயே இருந்தது.

“அங்க என்னங்க பாக்கறீங்க?”

“பிரேக் போடறதைங்க. எங்களுக்கும் ஏத்தறது சுலபம், எறக்கறதுதான் பயம்.”

இரண்டு மாதத்தில், பயிற்சியின்போது விமானம் விழுந்து அவன் இறந்துவிட்டானென்று அவன் ஊருக்குச் சீல் வைத்த பெட்டி வந்தது. போனேன். மேலே வைத்திருந்த போட்டோவில் அவனேதான். பெட்டியைத் திறக்க அதிகாரிகள் விடவில்லை.

அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “சண்டைக்கு அனுப்பிட்டு மறைக்கறாங்களா? உள்ள எம்மவன்தான் இருக்கறானாங்க?”

கடைசிவரை அவர் மகனுக்குக் கருமாதி செய்யவில்லை. அது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.