பழையபடி ஆக்கின புல்டோசர்

"அண்ணை, அப்பான்ரை புல்டோசரைப் பழையபடி ஆக்கித் தாங்கோ" என்று தம்பி வெளிநாட்டில் இருந்து போனில் கேட்டபோது, "ஓம் தம்பி, செய்து தாறன்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் இடம்பெயர்ந்து திரும்பிய எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். கிணறு பழையபடி ஆகிவிட்டது என்றால் அதில் தண்ணீர் குடிக்கலாம். எஞ்சின் பழையபடி ஆகிவிட்டது என்றால் அது ஓடும்.

தம்பி எனக்குச் சொந்தமில்லை, நான் ஊரில் எஞ்சின் திருத்துகிறவன். ஓமந்தைக்கு உள்பக்கம் எங்கள் ஊரில் பாதி வயல் அவருடைய தகப்பன் அந்தப் புல்டோசரால் காடு தள்ளி உண்டாக்கியது. எங்கள் சின்னக் குளத்துக் கட்டும் அந்த மனிதர் தள்ளிய மண்தான். ஊரை விட்டு ஓடும்போது எஞ்சினின் டீசல் பம்பைக் கழற்றி, கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் குழி கிண்டித் தாட்டுவிட்டு வந்தார். எவன் கொண்டுபோனாலும் ஓட்டக்கூடாது என்ற பிடிவாதம். அப்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான், எடுத்துப்போக முடியாததைத் தாட்டோம். முகாமில் என்னிடம் இடத்தைச் சொன்னார். அவர் திரும்பி வரவில்லை.

நான் கிண்டி எடுத்தேன். பம்ப் புதிதாக வாங்கியது மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் நாசம். சக்கரச் சங்கிலிக்கு நடுவால் ஒரு வேப்பமரம் வளர்ந்து நின்றது. உருளைகள் இறுகி, பிஸ்டன் துருவில் ஒட்டி, சீற் இருந்த இடத்தில் கறையான் புற்று. சங்கிலிப் பின் ஒன்றைக் கழற்ற ஒரு நாள் சூடாக்கி, ஒரு நாள் டீசல் ஊற்றி ஊறவிட்டு, பிறகு சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடிக்கும்போது வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கும் ஒரு வாய் இருந்தது. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாமே?" என்பார்கள். உங்களையும் சேர்த்துப் போடலாம் என்று நான் சொன்னதும் உண்டு.

அப்படி ஒன்றும் சொல்லாமல் தினமும் வந்து நின்றது ஒருவர்தான். மலைநாட்டில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண். புருஷன் இல்லை. குளக்கட்டுக்கு நேர் கீழே அவருடைய வயல். போன மாரி மழையில் கட்டு ஓரிடத்தில் கரைந்து பாதி அகலம்தான் மிச்சம். அரசாங்கக் கந்தோரில் கேட்டால் இந்தக் குளம் பெரிய குளங்களோடும் சேராது, சிறிய குளங்களோடும் சேராது என்று கையை விரித்தார்களாம். மண் அள்ளுகிற பெக்கோ மெசின்காரர் எல்லோரும் வீதி வேலைக்குக் கிரவல் மண் ஏற்றப் போய்விட்டார்கள்.

"இது ஓடுச்சுன்னா கட்டைத் தள்ளிக் குடுப்பீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

"ஓடும். மழைக்கு முன்னம் தள்ளித் தாறன்" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

அந்தக் காலத்துப் புல்டோசர் நேரே ஸ்டார்ட் ஆகாது. பக்கத்தில் ஒரு குட்டிப் பெற்றோல் எஞ்சின் இருக்கும். கயிறு சுற்றி இழுத்து அதை எழுப்பினால், அது பெரிய எஞ்சினை எழுப்பும். இழுத்து இழுத்துத் தோள்மூட்டுக் கழன்ற பிறகு குட்டி பிடித்தது. அதன் பின்னால் பெரியது இருமி, கறுப்புப் புகை தள்ளி, உறுமத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அந்த அம்மா ஓடிவந்து சங்கிலிக்குக் கீழே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏறிக் கொஞ்சத் தூரம் உருட்டினேன். பழம் நசிந்த மணம் புகைக்குள்ளும் வந்தது.

தம்பிக்குப் போனில் படம் பிடித்துக் காட்டினேன். "நல்லம் அண்ணை. மஞ்சள் பெயின்ற் எப்ப அடிப்பீங்கள்?" என்றார்.

குளக்கட்டைச் சொன்னேன்.

"இப்ப மண்ணுக்கை இறக்காதேங்கோ அண்ணை. நான் வந்து பாப்பம்."

அடுத்தவன் பொருள், அடுத்தவன் சொல். பெயின்ற் அடித்தேன். அந்த அம்மாவிடம், முதலாளி வரட்டும் என்றேன். வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

தம்பி வந்தார். புல்டோசரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். தகப்பன் இருந்த சீற்றில் ஏறி இருந்து கண்ணைத் துடைத்தார். நடிப்பு என்று சொல்லமாட்டேன். இறங்கி வந்துதான் சொன்னார்: ஏ9 வீதியில் கட்டுகிற ஹோட்டலுக்கு முன்னால் இதை நிறுத்தப்போகிறாராம். "பிள்ளையள் ஏறி விளையாடுவினம். ஸ்டார்ட் ஆகாமல் செய்து தாங்கோ அண்ணை."

"பழையபடி எண்டுதானே தம்பி கேட்டனீங்கள்?"

"ஓம் அண்ணை. பாக்கப் பழையபடி."

"ஒரு நாள் குளக்கட்டிலை விட்டுட்டுக் கொண்டு போங்கோவன்."

"பெயின்ற் போயிடும் அண்ணை. திறப்புவிழா வருது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார்: "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்தானே."

இறக்கவில்லையடா, நீதான் கொல்லச் சொல்கிறாய் என்று கத்தியிருக்க வேண்டும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், தகப்பன் கழற்றிய அதே நாலு நட்டையும் கழற்றி, பம்பை வெளியே எடுத்தேன். எவனும் ஓட்டக்கூடாது என்று தகப்பன் கழற்றினார். மகனுக்கும் அதுதான் தேவைப்பட்டது. "அதை நீங்களே வைச்சிருங்கோ, அப்பான்ரை ஞாபகமா" என்றார் தம்பி.

பெரிய லொறி வந்து ஏற்றிப் போனது. அந்த வாரமே மழை இறங்கியது. மண்மூட்டை அடுக்கிப் பார்த்தோம். கட்டு, கரைந்திருந்த அதே இடத்தில் உடைந்தது. அப்போதுதான் முளைத்திருந்த நெல்லுக்கு மேலால் மண் வந்து மூடியது. அந்த அம்மா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகவில்லை.

ஹோட்டலுக்கு நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் பஸ் அதற்கு முன்னால் பழுதாகி நின்றது. புல்டோசர் பளபளவென்று நின்றது. மண் தள்ளுகிற பிளேட்டுக்குள் உரமண் நிரப்பிச் செவ்வந்தி நட்டிருந்தார்கள். ஹோட்டல் சட்டை போட்ட ஒருவர் குழாய் பிடித்துப் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பியபோதுதான் அடையாளம் தெரிந்தது. குளத்துக்குக் கீழே வயல் செய்த அதே அம்மா.

என்னைக் கண்டதும் குழாயைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "இங்க யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க அண்ணே. இது சும்மா வெறும் கூடுன்னு சொல்றாங்க. அன்னைக்கு நம்ம முன்னாடி ஓடுச்சுதானே?"

"ஓம், ஓடினது" என்றேன்.

"அப்புறம் யாருண்ணே நிப்பாட்டுனது?"

திருத்தி முடிந்த பஸ் கோன் அடித்துக் கூப்பிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பம்ப் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி.